ஐந்தாவது அடையாளம்

கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் குத்திய இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது. மறுநாள் காலையில் வீங்கி, அடி வைத்தால் விண் விண்ணென்று தெறிக்கிறது. முள் செய்தது ஒரு துளை மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் செய்தது நம் உடம்பே.

துளை விழுந்த சில நொடிகளிலேயே தோலுக்கடியில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரில் செல்களுக்கு இடையே இடைவெளி விழுந்து நீர் கசிவதால் வீக்கம். புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் நரம்பு முனைகளைத் தொட்டாற்சுருங்கியாக்கி விடுவதால் வலி. அதற்குள் வெள்ளணுக்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டி, உருண்டு, சுவரை நெருக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஜெர்மானிய நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம் 1867-இல் உயிருள்ள தவளையின் குடல் சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாக ரத்தக் குழாயை விட்டு வெளியேறுவதைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார். சீழ் எங்கிருந்து வருகிறது என்ற பழைய வழக்கு அதோடு தீர்ந்தது.

வெளியே வந்த அணுக்கள் என்ன செய்கின்றன என்பதற்கும் ஒரு முள்தான் விடை சொன்னது. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார் ரஷ்ய விலங்கியலாளர் எலி மெச்னிகோஃப். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போன ஒரு நாள், தோட்டத்து ஆரஞ்சுச் செடியிலிருந்து முட்களை ஒடித்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகி வைத்தார். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், ஊர்ந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. கிருமிகளை விழுங்கும் செல்கள் பற்றிய அறிவியல் அங்கே தொடங்கியது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பின் இந்த எதிர்வினைக்குப் பெயர் அழற்சி. அதற்கு நான்கு அடையாளங்கள் என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நான்கையும் கண்ணாலும் கையாலும் அறியலாம். ஐந்தாவதாக ஒன்று சேர 1,800 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோ 19-ஆம் நூற்றாண்டில் அதைச் சேர்த்தார். செயலிழப்பு, அதாவது அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போவது. முள் குத்திய காலை ஊன்ற முடியவில்லை என்றால் இரண்டு நாளில் சரியாகிவிடும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வருடக் கணக்கில் அழற்சியோடு வாழ்கிறவர்களுக்கு மற்ற நான்கைவிட இந்த ஐந்தாவதுதான் பெரிய நோய். வெளியே தெரியாதது, வீட்டார் நம்பாதது, மருத்துவ அட்டையில் பெரும்பாலும் இடம்பெறாதது.

அழற்சி ஏன் சிலருக்கு முடிவதே இல்லை? நெடுங்காலம் மருத்துவம் இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எது அழற்சியைத் தொடங்குகிறது என்று தேடினார்கள். தொடங்கியது காரணம் தீர்ந்ததும் தானாக ஓய்ந்துவிடும் என்பது எண்ணம். அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் செர்ஹான் 1980-களிலிருந்து செய்த ஆய்வுகள் அது அப்படியல்ல என்று காட்டின. திருவிழா முடிந்ததும் பந்தல் தானாக மறைந்துவிடுவதில்லை. கயிறு அவிழ்க்கவும் மூங்கில் இறக்கவும் ஆள் வர வேண்டும். உடம்பிலும் அப்படியே. லிப்பாக்சின், ரிசால்வின் என்ற கொழுப்புப் பொருள்கள் உருவாகி, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் புதிதாக வருவதை நிறுத்துகின்றன. வேலை முடிந்து மடிந்து கிடப்பவற்றை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யத் தூண்டுகின்றன. அழற்சியின் முடிவும் உடம்பு முனைந்து செய்யும் ஒரு வேலை. அந்த வேலை நடக்காவிட்டாலும், நடக்க விடாமல் ஏதோ ஒன்று மீண்டும் மீண்டும் தூண்டினாலும், அழற்சி நாள்பட்டதாகிறது.

தமிழ்நாட்டில் இதன் சிறு மாதிரியைப் பலரும் பட்டு அறிந்திருக்கிறார்கள். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டு வலி மாதக் கணக்கில் போகவில்லை. சிலருக்கு வருடங்கள் ஆயின. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அந்த நாட்களை இன்னும் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் முடியாத அழற்சி என்றால் என்னவென்று முழுதாகப் பார்க்க சரவாங்கிதான் சரியான நோய். முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், ஆங்கில முதலெழுத்துகளில் ஆர்.ஏ. என்று பல பெயர்களில் உலவுவது. வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி வேறு, இது வேறு. முப்பது, நாற்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். விரல்களின் அடிமூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு என்று இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி பிடிக்கும். நகத்தை ஒட்டிய நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

மூட்டின் உட்பக்கத்தில் ஒன்றிரண்டு செல் கனமே உள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டுக்கு வழவழப்பு தரும் திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. சரவாங்கியில் இந்தச் சவ்வு வெள்ளணுக்களால் நிறைந்து, தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதையும் அதன் கீழுள்ள எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. உடம்பின் சொந்தப் புரதங்களில் ஒரு சிறு வேதி மாற்றம் ஏற்பட, அவற்றை அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள்களைச் செய்துவிடுகிறது நோய் எதிர்ப்பு மண்டலம். ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதுவார்களே, அது இந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. முதல் மூட்டு வலிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள் சிலர் ரத்தத்தில் இருந்திருக்கிறது. மரபு வழியாக வரும் சாய்வு ஒரு காரணம், புகைப்பிடித்தல் இன்னொன்று. வாதப் பொருள்களைச் சாப்பிட்டதால் வந்தது என்று உருளைக்கிழங்கைப் பழிப்பதில் பொருளில்லை.

என் சித்திக்கு இது வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணி வரை விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்க முடியாமல் பல்லால் கடிப்பார். குழாய்த் திருகைத் துண்டு சுற்றி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திருப்புவார். ஜாக்கெட்டின் கொக்கி மாட்ட மகள் எழுந்திருக்கும் வரை காத்திருப்பார். பதினோரு மணிக்கு அதே கை சரளமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். "காலையில எந்திரிக்க முடியல, இப்ப மட்டும் எப்படி முடியுது?" என்று மாமியார் கேட்டது குத்தலாக மட்டும் இருந்திருக்காது. பார்க்கிறவர்களுக்கு உண்மையிலேயே புரியாத விஷயம் இது.

புரிய வைக்க ரத்தத்தின் கடிகாரம் போதும். உடம்பு தானே சுரக்கும் அழற்சித் தணிப்பான் கார்ட்டிசால். அது நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருந்து விடியலை நோக்கி ஏறும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 போன்ற சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்களோ பின்னிரவில் ஏறி, சரவாங்கி உள்ளவர்களுக்கு அதிகாலையில் உச்சத்தைத் தொடும். இரவெல்லாம் அசையாத மூட்டில் நீர் தேங்கியும் நிற்கும். எனவே விடியற்காலை விறைப்பும் முற்பகல் சரளமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். தேய்மான வலிக்காரர்களுக்கும் காலையில் விறைக்கும், ஆனால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அதனால்தான் "காலையில் எத்தனை நேரம் விறைப்பாக இருக்கும்?" என்று மருத்துவர் கேட்கிறார்.

அவர் எழுதித் தரும் இரண்டு பரிசோதனைகளும் அழற்சியை மறைமுகமாக அளப்பவை. இ.எஸ்.ஆர். என்பது நிறுத்தி வைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு, நூறாண்டுப் பழையது. சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டெடுக்கப்பட்ட புரதம். இன்டர்லூக்கின் 6 கல்லீரலை எட்டியதும் கல்லீரல் இதைச் சுரக்கும். எங்கோ அழற்சி இருக்கிறது என்று இது சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. சளி பிடித்தாலும் ஏறும். நோய் தீவிரமாக இருக்கும்போதே சிலருக்கு இரண்டும் இயல்பாக இருப்பதும் உண்டு. "ரிப்போர்ட் நார்மல்" என்று கையில் கொடுத்துவிட்டால் வலிக்கிறது என்று சொல்வதற்கே அவர்களுக்கு வாய் வராது.

மருந்துகளின் கதைக்கு வருவோம். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையை விட்டு எழவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு அதுவரை யாருக்கும் இந்நோய்க்குக் கொடுக்காத ஒரு ஹார்மோனைச் செலுத்தினார். ஒரு வாரத்துக்குள் அவர் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். மஞ்சள் காமாலை வந்தாலும் கருவுற்றாலும் சில நோயாளிகளின் மூட்டு வலி மாயமாகிவிடுவதை ஹென்ச் இருபது வருடமாகக் கவனித்து வந்ததன் பலன் அது. அந்த ஹார்மோன்தான் கார்ட்டிசோன். 1950-இல் அவருக்கும் வேதியியலாளர்கள் கெண்டல், ரெய்க்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. பரிசின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, கிருமித் தொற்றுகள் வந்தன. ஸ்டீராய்டு இன்றும் தேவையான மருந்து. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில். நம் ஊரில் நடப்பது வேறு. சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வலிக்கு நாலு மாத்திரை வாங்கி விழுங்குவது, பெயர் தெரியாத பொடியில் மூன்றே நாளில் வலி பறந்தது என்று மகிழ்வது. மூன்று நாளில் சரவாங்கியைப் பறக்கவிடும் பொடியில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகிப்பதே புத்திசாலித்தனம். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. சொந்தச் சுரப்பி அதற்குள் தூங்கிப் போயிருக்கும்.

இன்று இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்துக்குச் சென்னையோடு ஓர் உறவு இருக்கிறது. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்து வந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஹார்வர்டு போய், பிறகு லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். அங்கே ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவரது குழு உருவாக்கியது. அவற்றில் அமினோப்டெரின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மீது முதன்முதலாக ஒரு பிடியைத் தந்தது. 1948-இல் சுப்பாராவ் இறந்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து அதே அமினோப்டெரினை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குணம் தெரிந்தது. கார்ட்டிசோன் மோகத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற 1988 ஆயிற்று.

புற்றுநோய்க்குக் கொடுப்பதில் சிறு பகுதிதான் இங்கே அளவு. வாரம் ஒரு முறை, 7.5 முதல் 25 மில்லிகிராம். வாரம் ஒரு முறை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை மட்டும். நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது நல்லது. ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில் எடுக்கச் சொல்வார்கள், கல்லீரல் சோதனை அவ்வப்போது உண்டு, கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். "ரெண்டு வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறவர்கள் இழப்பது மூட்டை. அரித்த எலும்பு திரும்ப வளராது. எனவே முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சைக்கு உள்ள மதிப்பு பிறகு எதற்கும் இல்லை.

அடுத்த பெரிய தாவல் லண்டனில். மார்க் ஃபெல்ட்மான், ரவீந்தர் மைனி இருவரும் நோயுற்ற மூட்டுச் சவ்வின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, டி.என்.எஃப். என்ற ஒற்றைச் சைட்டோகைனைத் தடுத்தால் மற்றவையும் சேர்ந்து அடங்குவதைக் கண்டார்கள். 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது பலர் மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே உடம்பு லேசானதாகச் சொன்னார்கள். விலை மட்டும் லேசாக இல்லை. இன்னொரு விலையும் இருந்தது. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்களால் கட்டிய சிறு முடிச்சைக் குலையாமல் வைத்திருப்பதும் இதே டி.என்.எஃப். அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்கிறது என்பது 2001-இல் உறுதியானது. காசநோய்க் கிருமியை அறியாமலே சுமக்கும் மக்கள் நிறைந்த இந்தியாவில் இம்மருந்துக்கு முன் மார்புப் படமும் காசநோய்ச் சோதனையும் கேட்பது சடங்கல்ல. மூட்டை அரிக்கும் பொருளும் கிருமியைக் காவல் காக்கும் பொருளும் ஒன்றாக இருக்கும் உடம்பில் அழற்சியை முற்றாக ஒழித்துவிட யாரும் ஆசைப்பட முடியாது.

நாள்பட்ட அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. சரவாங்கி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ரத்தக் குழாயில் படியும் கொழுப்பும் அழற்சியின் இன்னொரு களம் என்பதை, மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு காட்டியது. கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த ஊசி, மறு மாரடைப்பு முதலிய நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. உயிர் பறிக்கும் தொற்றுகளைக் கூட்டவும் செய்தது. ஆய்வாளர்களின் கண் மலிவான ஒரு பழைய மருந்தின் மேலும் திரும்பியிருந்தது. வாத ரத்தம் என்று சொல்லும் கௌட் நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் கால்ச்சிசின். 2023-இல் அமெரிக்கா அதைக் குறைந்த அளவில் இதய நோய்க்கும் அனுமதித்தது.

கால்ச்சிசின் எதிலிருந்து வருகிறது என்று தெரிய மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கம் போக வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தள் அங்கே வயலில் பயிராகிறது. விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். முள்கிளுவைக் குச்சிகளில் கொடி ஏற்றி, பூத்த காலைகளில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அந்த விதை கால்ச்சிசின் பிரித்தெடுக்க வெளிநாடு போகிறது. வெள்ளணுக்கள் நகர்வதற்குத் தேவையான உள்கட்டமைப்பைக் கலைப்பது கால்ச்சிசினின் வேலை. அதே காரணத்தால் அளவு மீறினால் உடம்பின் எல்லாச் செல்களும் தடுமாறும். இந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மூலிகைதானே என்று யாரும் கிள்ளிப் பார்க்க வேண்டாம்.

மூலிகை என்றதும் மஞ்சள் நினைவுக்கு வரும். குர்குமின் சோதனைக் குழாயில் அழற்சியைத் தணிப்பது உண்மை, குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது என்பதும் உண்மை. பாலில் கலந்து குடிப்பதில் தவறில்லை. அதை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதில்தான் தவறு. யாருக்கு எந்த நோய் என்று கேட்காமலே "உள்ளழற்சியைப் போக்கும்" என்று விற்கப்படும் டப்பாக்கள் மீது எனக்கு மரியாதை இல்லை. புகையை விடுவது, எடை குறைப்பது, பல் ஈறுகளைச் சுத்தமாக வைப்பது, முடிந்த அளவு நடப்பது ஆகியவற்றை டப்பாவில் அடைத்து விற்க முடியாது. அதனால் விளம்பரமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாவது அடையாளம் மிச்சம் இருக்கிறது. வீக்கம் வடிந்து, சி.ஆர்.பி. இறங்கி, மருத்துவர் திருப்தியடைந்த பிறகும் பலருக்கு ஒரு சோர்வு விடாது. தூங்கி எழுந்தாலும் தீராதது, குளித்ததற்கே இரண்டு மாடி ஏறியது போல உட்கார வைப்பது. இதைச் சோம்பல் என்றோ மனக்குறை என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். காய்ச்சல் வந்த குழந்தை விளையாடாமல் மூலையில் சுருண்டு படுப்பதைப் பார்க்கிறோமே, அதைச் செய்ய வைப்பது மூளையை எட்டும் சைட்டோகைன்கள். கிருமி வந்த நேரத்தில் ஆற்றலைச் சேமிக்க உயிரினங்கள் கற்ற வழி அது. நலமாக உள்ளவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டுச் சிறு அழற்சியை உண்டாக்கினாலே சில மணி நேரத்தில் மனம் சோர்வதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சரவாங்கியில் அந்தச் செய்தி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்று இங்கே முக்கியமானது. டி.என்.எஃப். தடுப்பு மருந்து கொடுத்த 24 மணி நேரத்தில், வலிக்கு மூளை காட்டும் எதிர்வினை ஸ்கேனில் தணிந்துவிட்டது. மூட்டு வீக்கம் அப்போது அப்படியே இருந்தது. மருந்து ஏறியதும் உடம்பு லேசானது என்று லண்டன் நோயாளிகள் சொன்னது கற்பனையல்ல என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இருந்தும் மருந்தால் சோர்வு முழுதாகப் போவதில்லை. வலி, கெட்ட தூக்கம், ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாம் அதில் பங்கு கேட்கின்றன. முறையான உடற்பயிற்சி ஓரளவு குறைக்கிறது என்பது சோதித்து அறிந்த செய்தி. சோர்ந்து கிடப்பவரிடம் நடக்கச் சொல்வது கேலி போலத் தோன்றினாலும்.

1990-களில் முடக்குவாத மருந்துகளைச் சோதிக்க எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று வல்லுநர்கள் பட்டியல் போட்டபோது வீங்கிய மூட்டு, வலிக்கும் மூட்டு, ரத்தப் பரிசோதனை அளவு எல்லாம் இருந்தன. சோர்வு இல்லை. அளவுகோல்களை வகுக்கும் ஓமராக்ட் என்ற பன்னாட்டுக் குழு 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது முதல்முறையாக நோயாளிகளையும் மேசைக்கு அழைத்தது. எங்களை அதிகம் வாட்டுவது உங்கள் பட்டியலிலேயே இல்லையே என்று அவர்கள் சொன்னதில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சோர்வையும் அளக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் ஊர்ப் புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் அந்தக் கேள்வி இன்னும் அநேகமாகக் கேட்கப்படுவதில்லை. கேட்க மருத்துவர்களுக்கு நேரமும் இல்லை. காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு, இந்த மாதத்தில் எத்தனை நாள் மதியத்துக்கு மேல் எழ முடியவில்லை, எந்த வேலையை அடுத்தவரிடம் விட வேண்டி வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், ரத்த அறிக்கையோடு சேர்த்து அதையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.